கம்பெனியை விற்றது அவர்கள், விலகினால் கட்டணம் எங்களுக்கா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இங்கிலாந்தில் குளிர்காலச் செலவைச் சமாளிப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஃபிக்ஸட் டாரிஃப், அதாவது யூனிட் விலை மாறாத ஒப்பந்தம், எடுத்துவிட்டால் ஒன்றிரண்டு வருடம் கரண்ட், கேஸ் விலை பற்றிக் கவலையில்லை என்று அதில் இருந்தது. சரியான யோசனைதான், நாங்களும் அப்படித்தான் எடுத்தோம். ஆனால் நாம் ஒப்பந்தம் போட்ட கம்பெனியே நடுவில் கைமாறிப் போனால் என்ன ஆகும் என்பதைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. அதை அனுபவித்தவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

நாங்கள் லண்டனில் ஈஸ்ட் ஹாமில் இருக்கிறோம். ஊரில் கரண்ட் என்றால் ஈ.பி. மட்டும்தான். இங்கே வீட்டுக்கு வரும் கம்பியும் குழாயும் மாறாது, பில் போடும் கம்பெனியை மட்டும் விலை பார்த்து நாமே மாற்றிக்கொள்ளலாம். அப்படிப் பத்து இடம் பார்த்து, ஒரு கம்பெனியில் இரண்டு வருடத்துக்கு எழுதிக்கொடுத்தோம். யூனிட் விலை ஏறாது. நடுவில் விலகினால் கரண்டுக்கு 75 பவுண்டு, கேஸுக்கு 75 பவுண்டு கட்ட வேண்டும். அதைத் தெரிந்துதான் ஒத்துக்கொண்டோம்.

பதினான்காவது மாதம் ஒரு கடிதம் வந்தது. "உங்கள் கணக்கு இனி வேறொரு நிறுவனத்திடம் இருக்கும். நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை" என்று இரண்டே பத்தி. புதிய கணக்கு எண், புதிய ஆப். அதுவரைக்கும் எனக்கும் கோபம் ஒன்றும் இல்லை.

அப்புறம்தான் ஆரம்பித்தது. எங்கள் அடுப்படி ஜன்னலோரம் ஸ்மார்ட் மீட்டரின் சின்னத் திரை ஒன்று இருக்கும். மாமியார் காலையில் காபி போடும்போதே நேற்று எத்தனை பவுண்டு ஓடியது என்று அதில் பார்த்துவிடுவார். கணக்கு மாறிய அந்த வாரமே அதில் வெறும் கோடுகள்தான் வந்தன. எங்கள் மீட்டர் புதிய கம்பெனிக்கு ரீடிங் அனுப்பவில்லை. அவர்களாக ஒரு மதிப்பு போட்டு இரண்டு மாதம் பில் அனுப்பினார்கள். பேங்கிலிருந்து தானாக மாதம் 120 பவுண்டு போய்க்கொண்டிருந்த டைரக்ட் டெபிட்டை 168 ஆக்கினார்கள். நான் மாடிப்படிக்கு அடியில் இருக்கும் அலமாரிக்குள் மண்டி போட்டு, போன் வெளிச்சத்தில் எண்களைப் படம் எடுத்து அனுப்பினேன். மூன்று முறை அனுப்பியும் பில் மாறவில்லை.

போதும், வேறு கம்பெனிக்குப் போய்விடலாம் என்று போன் செய்தேன். போனை எடுத்த பெண் மரியாதையாகத்தான் பேசினார். "போகலாம் மேடம், 150 பவுண்டு எக்ஸிட் ஃபீ வரும்" என்றார். நான் உங்களோடு ஒப்பந்தமே போடவில்லையே என்றேன். "பழைய ஒப்பந்தம் அதே நிபந்தனைகளோடு எங்களுக்கு வந்துவிட்டது" என்றார். அதே நிபந்தனையோடு வந்தது சரி, அதே சேவை ஏன் வரவில்லை?

கம்பெனி பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. இது ஒரு கம்பெனியோடு முடிகிற விஷயம் இல்லை. எஸ்எஸ்இ என்ற கரண்ட், கேஸ் கம்பெனி தன் வீட்டு வாடிக்கையாளர்களை 2020 ஜனவரியில் ஓவோவுக்கு விற்றது, அதில் மட்டும் சுமார் 35 லட்சம் பேர். என்-பவர் வாடிக்கையாளர்கள் ஈ.ஆன் பக்கம் போனார்கள். ஷெல் எனர்ஜி வீடுகளுக்குக் கரண்ட், கேஸ் விற்கும் வியாபாரத்தை 2023 கடைசியில் ஆக்டோபஸ் வாங்கியது. லட்சக்கணக்கான குடும்பங்களுக்கு, தாங்கள் தேர்ந்தெடுக்காத கம்பெனியிடமிருந்து பில் வந்தது.

இதில் எனக்குப் புரியாத ஒன்று உண்டு. 2021 இலையுதிர் காலத்தில் மொத்தச் சந்தையில் கேஸ் விலை ஏறியபோது சின்னக் கம்பெனிகள் வரிசையாகப் படுத்துவிட்டன. அப்படி ஒரு கம்பெனி திவாலானால், ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம் இன்னொரு கம்பெனியிடம் வாடிக்கையாளர்களை ஒப்படைக்கிறது. பழைய ஃபிக்ஸட் ஒப்பந்தம் அதோடு போய்விடும். அந்தப் புதிய கம்பெனி பிடிக்கவில்லையென்றால் எக்ஸிட் ஃபீ இல்லாமல் கிளம்பலாம். ஆனால் கம்பெனி திவாலாகாமல், நல்ல விலைக்கு விற்கப்பட்டால் நாம் கட்டுண்டு கிடக்க வேண்டும். வாடிக்கையாளர் பக்கம் இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதானே? இரண்டிலும் நம்மை யாரும் கேட்கவில்லை.

எக்ஸிட் ஃபீயே கூடாது என்று நான் சொல்லவில்லை. நமக்கு இரண்டு வருடத்துக்கு ஒரே விலை தர, கம்பெனி முன்கூட்டியே கரண்டும் கேஸும் வாங்கி வைக்கிறது. விலை இறங்கியதும் எல்லோரும் ஓடிவிட்டால் நஷ்டம் அவர்களுக்குத்தான். அது நியாயம். ஆனால் ஒரு கம்பெனி இன்னொன்றை வாங்கும்போது எத்தனை பேர், என்ன விலை, எந்த மாதம் வரை என்று எல்லாக் கணக்கையும் பார்த்துத்தான் வாங்குகிறது. கொஞ்சம் பேர் விலகிப்போவார்கள் என்பதையும் அந்த விலையிலேயே சேர்த்துப் பார்க்கலாமே. பேரம் பேசும் மேஜையில் நமக்கு இடம் இல்லை, பேரத்தின் செலவு மட்டும் நமக்கா?

2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டத்தில், நியாயமற்றவை என்று கருதப்படக்கூடிய நிபந்தனைகளின் பட்டியல் ஒன்று இருக்கிறது. வாடிக்கையாளரின் சம்மதம் இல்லாமல், அவருக்குள்ள உத்தரவாதம் குறையக்கூடிய விதத்தில் ஒப்பந்தத்தை வேறொருவருக்கு மாற்றிக்கொடுக்க இடம் தரும் நிபந்தனையும் அதில் ஒன்று. இதை நான் புகார்க் கடிதத்தில் எழுதினேன். எழுதிய பிறகுதான் பதிலின் தொனி மாறியது.

ஆஃப்ஜெம் விதியில் ஏற்கெனவே ஒரு வாசல் உண்டு. ஒப்பந்தம் முடிய 49 நாள் இருக்கும்போதிலிருந்து விலகினால் எக்ஸிட் ஃபீ வாங்கக் கூடாது. நான் கேட்பது அதே மாதிரி இன்னொரு வாசல்: கம்பெனி கைமாறி, கணக்கு புதிய இடத்துக்கு வந்த நாளிலிருந்து 60 நாள். பழைய விலை பிடித்திருப்பவர்கள் அதே ஒப்பந்தத்தில் இருக்கட்டும், அவர்களுக்கு அந்த விலையைக் கடைசி நாள் வரை தர வேண்டும். வேண்டாம் என்பவர்கள் காசு கட்டாமல் போகட்டும். இதே கோரிக்கையை எங்கள் எம்.பி.க்கும் ஆஃப்ஜெமுக்கும் எழுதி அனுப்பியிருக்கிறேன்.

அதுவரை, இப்படிக் கடிதம் வந்த வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கணக்கு மாறும் நாளன்று மீட்டரைப் படம் எடுத்து வையுங்கள். பழைய ஆப் மூடப்படும் முன் ஒப்பந்தத்தையும் பில்களையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், எங்களுக்கு அதுதான் கைகொடுத்தது. பிரச்சினை வந்தால் போனில் பேசுவதோடு விடாமல், "இது புகார்" என்று எழுத்தில் கொடுங்கள். எட்டு வாரத்தில் தீராவிட்டால், இந்தக் கம்பெனிகள் மேல் வரும் புகார்களை விசாரிக்கும் எனர்ஜி ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். நமக்குச் செலவு இல்லை, அங்கே வரும் தீர்ப்பை நாம் ஏற்றுக்கொண்டால் கம்பெனி அதற்குக் கட்டுப்பட்டே ஆக வேண்டும்.

எங்களுக்கு அதுவரை போகத் தேவைப்படவில்லை. ஏழாவது வாரம், மீட்டர் கோளாறு தங்கள் பக்கம்தான் என்று ஒத்துக்கொண்டு, பில்லைத் திருத்தி, 150 பவுண்டையும் தள்ளுபடி செய்தார்கள். "நல்லெண்ண அடிப்படையில்" என்று எழுதியிருந்தார்கள். எனக்கு அந்த வார்த்தைதான் உறுத்துகிறது. இரண்டு வீடு தள்ளித் தனியாக இருக்கும் ஒரு அம்மாவுக்கும் அதே கம்பெனி, அதே கோளாறு. இங்கிலீஷில் போன் பேசவே தயங்குபவர். மகன் வெளியூரில் இருக்கிறார். யாரிடமும் சொல்லாமல், பென்ஷன் பணத்திலிருந்து 150 பவுண்டைக் கட்டிவிட்டு மாறியிருக்கிறார். போன வாரம் கடைக்குப் போகிற வழியில்தான் எனக்கே சொன்னார். இப்போது அவருடைய பழைய பில்களை எல்லாம் எங்கள் சாப்பாட்டு மேஜையில் பரப்பி வைத்து, அவருக்கான புகாரை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஈஸ்ட் ஹாம், லண்டன்