இணையக் கடைகள் பார்கோடு எண்ணையும் காட்ட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இணையத்தில் மளிகை வாங்குபவர்கள் நாலு கடை விலையைப் பார்த்து வாங்க வேண்டும் என்று உங்கள் நாளிதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அதற்கு வழிசெய்ய மூன்று வருடமாக முயன்று வருபவள் என்பதால் எழுதுகிறேன்.

பாளையங்கோட்டையில் எங்கள் தெருக்காரர்களுக்காக, அலுவலக வேலை முடிந்த இரவுகளில் சின்னதாக ஒரு விலை கண்காணிப்புச் சேவையை உருவாக்கினேன். துவரம்பருப்பு, நல்லெண்ணெய், இட்லி அரிசி என்று 60 பொருட்கள். முதலில் இரண்டு இணையக் கடைகளோடு தொடங்கினேன். அவற்றின் விலையை அது தினமும் காலையில் எடுக்கும். விலை இறங்கினால் வாட்ஸ்அப்பில் சொல்லும். "அந்தக் கடையையும் சேர்த்துடுங்கக்கா" என்று வாரத்துக்கு ஒருவராவது கேட்கிறார்கள். மூன்றாவது கடையைச் சேர்க்க நான்கு மாதம் ஆனது. நான்காவது பாதியில் நிற்கிறது.

நிரல் எழுத ஒரு வாரம் போதும். இரண்டு கடையில் இருப்பதும் ஒரே பொருள்தானா என்று தீர்மானிப்பதில்தான் மாதங்கள் போகின்றன. ஒரு கடையில் 'நல்லெண்ணெய் 1 லிட்டர்' என்று இருக்கும். இன்னொன்றில் 'ஜிஞ்ஜிலி ஆயில் 910 கிராம்'. எண்ணெயில் லிட்டரைக் கிராமாக மாற்றுவதும் லேசில்லை. ஒரு லிட்டர் சோயா எண்ணெய் 21 டிகிரியில் சுமார் 919 கிராம் இருக்கும், 60 டிகிரியில் 893 கிராம்தான். பாக்கெட்டில் வெப்பநிலையைப் போடாமல் நிகர அளவை அச்சிடும்படி எண்ணெய் நிறுவனங்களை மத்திய நுகர்வோர் துறை 2022 ஆகஸ்டில் கேட்டுக்கொண்டதே இதனால்தான்.

ஒருமுறை அரைக் கிலோ பருப்பை ஒரு கிலோ என்று நான் தவறாக இணைத்துவிட்டேன். பாதி விலை என்று நம்பி, ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் நாலு பாக்கெட் வாங்கிவிட்டார். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. ஒரே பொருளின் ஒரே அளவுப் பாக்கெட்டுக்கு எந்தக் கடையிலும் ஒரே பார்கோடு எண்தான் என்பதால், அப்புறம் பார்கோடு பார்க்காமல் எதையும் சேர்ப்பதில்லை. அந்த எண்ணை இணையக் கடைகள் பெரும்பாலும் காட்டுவதில்லை. அதனால் பொருளை வாங்கி, பாக்கெட்டைத் திருப்பித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. காலிப் பாக்கெட்டுகளை அம்மா ஒரு மஞ்சள் பையில் சேர்த்து வைக்கிறார்.

இது போதாதென்று பின்கோடு மாறினால் விலையும் மாறுகிறது. என்னுடையதைப் போலத் தானாக விலையை எடுக்கும் நிரல்களைச் சில கடைகள் உள்ளேயே விடுவதில்லை. கூட்டமாக வந்து மொய்ப்பவர்களைத் தடுப்பது நியாயம்தான், காலையில் ஒரே ஒரு முறை வருபவரையும் ஏன் தடுக்க வேண்டும்?

எம்ஆர்பி, நிகர அளவு போன்ற விவரங்களை இணையத்திலும் காட்ட வேண்டும் என்பது 2018 ஜனவரி 1 முதல் விதி. பார்கோடு எண் அதில் இல்லை. இஸ்ரேலில் 2015 மே மாதத்திலிருந்து பெரிய சூப்பர் மார்க்கெட்டுகள் தங்கள் விலைகளையெல்லாம் பார்கோடு எண்ணோடு, யாரும் எடுத்துப் பயன்படுத்தும் கோப்பாக இணையத்தில் வெளியிட்டாக வேண்டும். நம் அரசு உடனே அவ்வளவு தூரம் போக வேண்டாம். எம்ஆர்பி பக்கத்தில் பார்கோடு எண்ணையும் போடச் சொல்லி அந்த விதியில் ஒரு வரி சேர்க்கட்டும். நான்காவது கடையை ஒரே வாரத்தில் சேர்த்துவிடுவேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
பாளையங்கோட்டை