வண்டி எங்கே நிற்கும் என்று முதலில் சொல்லுங்கள்

ஓவியச் சந்தைகளும் கைவினைக் கண்காட்சிகளும் நடத்தும் அமைப்பாளர்களுக்கு,

வணக்கம். நான் தஞ்சாவூரில் தஞ்சாவூர் ஓவியம் போடுகிறவள். வருடத்தில் நான்கைந்து சந்தைகளுக்குப் போகிறேன். படங்கள், அவற்றை மாட்டும் தட்டிகள், விளக்குகள், மடக்கு மேசை, இரண்டு நாள் சாப்பாடு என்று எல்லாமே என் பழைய மாருதி ஆம்னியில்தான் வரும். கூட என் அக்கா பையன் வருவான்.

நீங்கள் அனுப்பும் விண்ணப்பத்தில் ஸ்டால் வாடகை, அளவு, மின்சாரம், சாப்பாட்டுக் கூப்பன் எல்லாம் இருக்கிறது. வண்டியைப் பற்றி ஒரு வரிகூட இருப்பதில்லை. எங்களுக்கோ சந்தை தொடங்குவதே வண்டியில்தான்.

எங்கள் சரக்கு எப்படிப்பட்டது என்று கொஞ்சம் சொல்கிறேன். பிளைவுட் பலகையில் துணி ஒட்டி, மக்கு வேலை (சுண்ணாம்புப் பசையால் புடைப்பு எழுப்புவது) செய்து, கல் பதித்து, தங்க ரேக் என்ற மெல்லிய தங்கத் தகடு ஒட்டி, தேக்குச் சட்டமும் கண்ணாடியும் போட்ட படம் இது. நாலுக்கு மூன்றடிப் படம் ஒன்றைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். வண்டியில் அதைப் படுக்கப் போட முடியாது, வேகத்தடை ஒன்று போதும் கண்ணாடி போய்விடும். நிறுத்தித்தான் வைக்க வேண்டும், அதுவும் முகத்தோடு முகம், முதுகோடு முதுகு, நடுவில் பழைய போர்வை. ஆம்னியில் இன்ஜின் முன்சீட்டுக்கு அடியிலேயே இருப்பதால், சீட்டின் முதுகை ஒட்டித் துணி மூட்டையும் மேசையும், அதற்குப் பின்னால்தான் படங்கள். பின்சீட்டைக் கழற்றி வீட்டிலேயே போட்டுவிட்டேன். ஆறடித் தட்டி உள்ளே நேராகப் போகவில்லை என்று எல்லாவற்றையும் நடுவில் அறுத்துக் கீல் வைத்து மூன்றடியாக மடிக்கும்படி செய்தேன். ஆசாரி சிரித்தார். இப்போது அவரே இன்னும் இரண்டு பேருக்கு அப்படிச் செய்து கொடுத்திருக்கிறார்.

இந்த வண்டியை 2019-லேயே தயாரிப்பதை நிறுத்திவிட்டார்கள். அதே மாருதியின் ஈக்கோ வேன் வாங்கு என்கிறார்கள். வாங்கலாம், படம் விற்கட்டும். அதிலும் இரண்டு பக்கமும் தள்ளும் கதவு உண்டு; அதன் அருமை, சுவரை ஒட்டி வண்டியை நிறுத்தி இறக்கிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வருடம் ஒரு சந்தையில் எண்பது ஸ்டால்காரர்களையும் காலை எட்டு மணிக்கே வரச் சொல்லியிருந்தார்கள். இருந்தது ஒரே வாசல். முதலில் நுழைந்தவர் ஸ்டாலுக்கு எதிரிலேயே வண்டியை நிறுத்தி, தட்டி கட்டி, படம் மாட்டி, டீயும் குடித்துவிட்டுத்தான் எடுத்தார். அவர் மேல் கோபமில்லை, யாரும் அவரிடம் எதுவும் சொல்லவில்லையே. என் முறை வருவதற்குள் காவலாளி கேட்டை மூடிவிட்டார். சாலையோரம் இறக்கி, முந்நூறு மீட்டர் கையால் சுமந்தோம். மழை வேறு. கிருஷ்ணர் படம் ஒன்றின் மூலை நசுங்கியது.

இதற்கெல்லாம் பெரிய செலவு ஆகாது. ஸ்டால் எண் வாரியாக அரைமணி நேரம் பிரித்துக் கொடுங்கள். இறக்கு, வண்டியை எடுத்துப் போய் நிறுத்து, அப்புறம் வந்து கடை கட்டு என்று வாசலிலேயே எழுதி வையுங்கள். கடைசி நாள் இரவு இதைத் திருப்பிப் போட்டால் சரி: முழுவதும் கட்டி முடித்தவருக்குத்தான் வண்டியை உள்ளே விட வேண்டும். பெங்களூருவில் வருடாவருடம் தெருவிலேயே நடக்கும் ஓவியச் சந்தையான சித்திர சந்தை நாளில், அது நடக்கும் குமாரகிருபா சாலையில் வாகனமே கிடையாது. விடிவதற்கு முன்பே இறக்கியாக வேண்டும் என்று முதல்முறை வருகிறவருக்கும் தெரிந்துவிடுகிறது. கட்டுப்பாடு கடுமையாக இருப்பது எங்களுக்குப் பிரச்சினையே இல்லை. முன்கூட்டியே தெரிந்தால் போதும்.

நான்கு தள்ளுவண்டிகள் வாடகைக்கு எடுத்து வையுங்கள். தனியாக வரும் பெண்களை நினைத்துப் பாருங்கள். வண்டியை நிறுத்தப் போனால் படத்துக்குக் காவல் இல்லை, படத்தோடு நின்றால் வண்டிக்கு அபராதம். அந்தப் பத்து நிமிடம் பார்த்துக்கொள்ள ஒரு தன்னார்வலர் போதும். இரவு வண்டியை நிறுத்த வெளிச்சமுள்ள இடமும் வேண்டும். விற்காத படங்களில் பாதி அதற்குள்தான் தூங்கும்.

இன்னொன்று, காகித விஷயம். ஜி.எஸ்.டி. பதிவு இல்லாத கைவினைஞர் மாநிலம் விட்டு மாநிலம் கைவினைப் பொருளைக் கொண்டுபோனால், மதிப்பு எவ்வளவு என்றாலும் இ-வே பில் (சரக்கோடு கொண்டுபோக இணையத்தில் எடுக்கும் சீட்டு) வேண்டும். ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல் போனால்தான் பில் என்ற பொதுவான வரம்பு இங்கே உதவாது. அரசின் கைவினைப் பட்டியலில் தஞ்சாவூர் ஓவியம் பெயரோடேயே இருக்கிறது. இது தெரியாமல் ஓசூர் தாண்டுகிறவர்கள் எங்களில் நிறைய. பில்லின் ஆயுளும் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று கணக்கு, தஞ்சாவூரிலிருந்து பெங்களூரு அதைப்போல இரண்டு மடங்கு. திரும்பி வரும் படங்களுக்குத் தனி பில். உங்கள் அனுமதிக் கடிதத்தில் சந்தை நடக்கும் இடத்தின் முழு முகவரியையும் அஞ்சல் குறியீட்டையும் போட்டு, இதையும் இரண்டு வரியில் எழுதினால், இரவு பதினொரு மணிக்கு நான் யாருக்கும் போன் போட வேண்டியிருக்காது.

கடைசியாக, என் வண்டியின் அளவைத் தருகிறேன். நீளம் 3.37 மீட்டர், அகலம் 1.41, உயரம் 1.64. மேலே கேரியரும் மூங்கில் கழிகளும் ஏறினால் உயரம் இன்னும் ஓரடி கூடும். உங்கள் வாசல் வளைவின் அகலமும் உயரமும் எவ்வளவு என்று அடுத்த விண்ணப்பத்திலேயே போட்டு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தஞ்சாவூரிலிருந்து ஓர் ஓவியர்