கப்பலில் கட்டிய டெபாசிட் எங்கே? ஏழாவது முறையாக எழுதும் புகார்

அனுப்புநர்:
உங்கள் கப்பல்களில் இதுவரை 63 இரவு தூங்கிய வாடிக்கையாளர் (உங்கள் கணக்குப்படி 56)

பெறுநர்:
தலைவர், வாடிக்கையாளர் உறவுப் பிரிவு

பொருள்: கப்பலிலேயே கட்டிய இரண்டு டெபாசிட்டில் ஒன்று காணாமல் போனது, வரவேண்டிய கிரெடிட் வந்தும் பயன்படாமல் போனது, உறுப்பினர் சலுகைகள் மறுக்கப்பட்டது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். இதே விஷயமாக நான் எழுதும் ஏழாவது கடிதம் இது. முந்தைய ஆறில் நான்குக்கு "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று இயந்திரம் பதில் போட்டது. ஐந்தாவதற்கு வந்த பதில் வேறு யாருடைய புக்கிங்கைப் பற்றியோ இருந்தது. அவருக்கு என்னுடைய பதில் போயிருந்தால் தயவுசெய்து வாங்கி அனுப்பவும். ஆறாவது என்ன ஆயிற்று என்று தெரியவில்லை.

நான் கத்துகிற ஆள் இல்லை. பொறுமையாகவே எழுதுகிறேன்.

2023 நவம்பரில் உங்கள் கப்பலில் 7 இரவுப் பயணம் வந்தோம், நானும் என் மனைவியும். கடைசி நாளுக்கு முந்தைய நாள், கப்பல் எங்கும் நிற்காமல் கடலிலேயே போகிற நாள், ஆறாம் தளத்தில், அடுத்த பயணத்துக்கு முன்பணம் வாங்கும் கவுன்டரில், உங்கள் ஊழியர் எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். நல்ல மனிதர், அவர்மேல் குறை இல்லை. ஆளுக்கு 100 டாலர் கட்டினால் போதும், இப்போது எந்தப் பயணம், எந்தத் தேதி என்று முடிவு செய்ய வேண்டியதில்லை, 4 வருடத்துக்குள் எதற்கு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், வேண்டாம் என்றால் கட்டிய அட்டைக்கே பணம் திரும்பிவிடும், பயன்படுத்தினால் அந்தப் பயணத்தில் கப்பலில் செலவழிக்க 100 டாலர் கிரெடிட்டும் உண்டு என்றார். அந்த 100 ஆளுக்கா, கேபினுக்கா என்று கேட்டேன். ஆளுக்கு என்றுதான் என் காதில் விழுந்தது. ரசீதில் சின்ன எழுத்தில் கேபினுக்கு என்று இருக்கிறது. சரி, அதை விட்டுவிடுகிறேன். எனக்கு நியாயம் தெரியும்.

இரண்டு ரசீது, இரண்டு எண். 200 டாலர் கட்டினோம்.

இனி உங்கள் ஊழியர் ஒருவரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். நான்காவது முறை போன் செய்தபோது 47 நிமிடம் பாட்டுக் கேட்க வைத்துவிட்டு ஒருவர் எடுத்தார். என் மனைவியின் டெபாசிட் அடுத்த பயணத்தின் பில்லில் கழிக்கப்படவில்லை என்று ஆரம்பித்தேன். முழுதாகச் சொல்லி முடிக்கவில்லை. "சார், கண்டிஷன்ஸ் எல்லாம் படிச்சுட்டு அப்புறம் கூப்பிடுங்க. உங்க கிரெடிட் 2022லயே முடிஞ்சு போச்சு" என்றார். நான் கேட்பது கிரெடிட் இல்லை, டெபாசிட் என்றேன். "டெபாசிட்டோ கிரெடிட்டோ, எல்லாம் ஒண்ணுதான் சார்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். பெயர்கூடக் கேட்க விடவில்லை. அழைப்பு பதிவு செய்யப்படுகிறது என்று ஆரம்பத்தில் ஒரு குரல் சொல்கிறதே, அந்தப் பதிவை எடுத்து நீங்களே ஒருமுறை கேளுங்கள். கேட்டுவிட்டு எனக்கும் அனுப்புங்கள்.

எல்லாம் ஒன்றா? உங்கள் சரக்கைப் பற்றி உங்களுக்கே நான் பாடம் எடுக்க வேண்டியிருப்பதை நினைத்தால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. அவர் பார்த்தது எது என்று எனக்குப் புரிகிறது. 2020 மார்ச்சில் உலகம் முழுக்கக் கப்பல்கள் நின்றபோது எங்கள் ஏப்ரல் பயணமும் ரத்தானது. பணமாக வேண்டுமா, 125 சதவீதம் எதிர்காலப் பயண கிரெடிட்டாக வேண்டுமா என்று கேட்டீர்கள். அக்கம்பக்கத்தில் எல்லோரும் பணமாக வாங்கிக்கொள் என்றார்கள். நாங்கள் உங்களை நம்பி கிரெடிட்டாக விட்டோம். 2022 மே மாதப் பயணத்தில் அதைப் பயன்படுத்தினோம். அது கட்டணத்துக்கு மட்டும்தான், வரிக்கும் துறைமுகக் கட்டணத்துக்கும் செல்லாது என்று சொன்னீர்கள், அதையும் கையிலிருந்து கட்டினோம். அந்தக் கணக்கு அங்கேயே தீர்ந்தது. அது நீங்கள் ரத்து செய்ததற்காகக் கொடுத்தது, அதற்குக் காலக்கெடு வைத்தீர்கள், பணமாக மாற்ற முடியாது என்றீர்கள், எல்லாம் சரி. டெபாசிட் என்பது நான் கட்டிய பணம். உங்கள் கையில் இருந்தாலும் அது என்னுடையது. அதை வைத்துப் புக் செய்தால் கப்பலில் செலவழிக்கக் கொடுப்பது மூன்றாவது வகை, கப்பல் கிரெடிட். இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவரை எதற்காகப் போனருகில் உட்கார வைக்கிறீர்கள்?

மன்னிக்கவும். வரிசையாகச் சொல்ல வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன்.

2025 ஜனவரியில், அக்டோபர் பயணத்துக்கு எங்கள் ஏஜென்ட் மூலம் புக் செய்தோம். எங்கள் 25ஆவது திருமண நாளுக்காக. இரண்டு டெபாசிட் எண்களையும் ஏஜென்ட்டிடம் கொடுத்தோம். வந்த பில்லில் என் 100 டாலர் மட்டும் கழிந்திருந்தது. மனைவியுடையது இல்லை. கப்பல் கிரெடிட் என்கிற வரியே இல்லை. உங்களுக்குப் போன் செய்தால், "ஏஜென்ட் மூலமாகப் புக் செய்த பயணம், அவர்தான் எங்களோடு பேச வேண்டும்" என்றீர்கள். ஏஜென்ட்டிடம் போனால், "டெபாசிட் உங்க உறுப்பினர் கணக்குல இருக்கு, அதை என்னால பார்க்க முடியாது, கம்பெனிதான் சேர்க்கணும்" என்றார். மூன்று முறை அவர் அலுவலகத்துக்கு நேரில் போனேன். மூன்றாவது முறை அவர் முன்னாலேயே போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, இரண்டு பேரும் பேசிக்கொள்ளட்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்தேன். உங்கள் ஆள் "அந்த டெபாசிட் பயன்படுத்தப்பட்டுவிட்டது" என்றார். எந்தப் பயணத்தில் என்று கேட்டோம். "அது எங்களுக்குத் தெரியாது, பயன்படுத்தப்பட்டது என்றுதான் காட்டுகிறது." என் மனைவி எனக்குத் தெரியாமல் தனியாக ஒரு கப்பல் ஏறிப் போய்விட்டு வந்தாரா என்ன?

பயணத்துக்கு 90 நாள் முன்பு முழுப் பணமும் கட்ட வேண்டிய தேதி வந்தது. "இப்போது முழுவதும் கட்டிவிடுங்கள், அப்புறம் சரிசெய்து கொடுக்கிறோம்" என்றார் இன்னொருவர். கட்டாவிட்டால் புக்கிங் போய்விடும் என்ற பயத்தில் அந்த 100 டாலரையும் சேர்த்தே கட்டினேன். அந்த "அப்புறம்" இன்றுவரை வரவில்லை.

இப்போது கப்பலில் நடந்ததைச் சொல்கிறேன், இதுதான் எனக்கு ஆறாத விஷயம். ஏறிய அன்றே ஐந்தாம் தளத்தில் விருந்தினர் சேவை கவுன்டரில் ரசீதைக் காட்டினேன். "இது எங்கள் வேலை இல்லை, ஆறாம் தளம் போங்கள்" என்றார்கள். ஆறாம் தளத்தில் பலகை மட்டும் இருந்தது, ஆள் இல்லை. கப்பல் கடலில் போகிற நாட்களில்தான் முழு நேரம் திறப்பார்களாம், கரையில் நிற்கிற நாட்களில் சாயங்காலம் ஒரு மணி நேரமோ என்னவோ. இரண்டாம் நாள் திறந்தது. அவர் ரசீதைப் பார்த்தார், புருவத்தைத் தூக்கினார், "இது சரியான ரசீதுதான், ஆனால் இந்தப் பயணத்தின் கணக்கில் நான் கை வைக்க முடியாது, ஐந்தாம் தளம்தான் செய்ய வேண்டும்" என்றார். ஐந்தாம் தளத்தில் மறுபடியும் ஆறாம் தளம்!

மூன்றாம் நாள் காலை, கரையிலிருக்கிற தலைமை அலுவலகத்துக்குக் கேட்டு அனுப்பியிருக்கிறோம், 10 மணிக்கு வந்து நில்லுங்கள் என்றார்கள். அன்று கப்பல் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு, சின்னப் படகுகளில் ஆட்களைக் கரைக்கு அனுப்பும் நாள். என் மனைவி ஒரு வருடமாகப் படம் பார்த்து வைத்திருந்த கோட்டை அங்கேதான் இருந்தது. நான் வரிசையில் நின்றேன். 10 மணி 11 ஆயிற்று, 12 ஆயிற்று. பதில் வரவில்லை. படகுக்கு டோக்கன் வாங்கப் போனால் மதியம்வரை கூட்டம். உங்கள் கப்பல்களில் அதிக இரவு தூங்கி மேல் படிக்கு உயர்ந்த உறுப்பினர்களுக்கு டோக்கன் வேண்டாமாம், நேராக ஏறலாமாம். நாங்கள் அந்தப் படிதான், ஆனால் உங்கள் கணினியில் இல்லை. கரைக்கு இறங்கவே இல்லை. கப்பலின் மேல்தளத்திலிருந்து அந்தக் கோட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

படி விஷயம் இதுதான். 2023 நவம்பருக்கு முன்பு எங்களுக்கு 49 இரவு. 55 ஆனால் அடுத்த படி: படகில் முன்னுரிமை, ஏறும்போது தனி வரிசை, ஒரு பை துணி இலவசமாகத் துவைத்துத் தருவது. நவம்பர் பயணத்தோடு 56 ஆகியிருக்க வேண்டும். அந்தப் பயணத்துக்கு உங்கள் ஆள் பெயரில் ஓர் எழுத்தை மாற்றிப் போட்டு, எங்களுக்குப் புதிதாக ஓர் உறுப்பினர் எண் உண்டாக்கிவிட்டார். அந்த 7 இரவும் அந்தப் பேய்க்கணக்கில் போய் உட்கார்ந்திருக்கின்றன. என் மனைவியின் டெபாசிட்டும் அங்கேதான் கிடக்கும் என்பது என் சந்தேகம். இதை நானே கண்டுபிடித்து மூன்றாவது கடிதத்தில் எழுதினேன். இரண்டு எண்ணையும் ஒன்றாக்குவது எவ்வளவு நேர வேலை? அக்டோபர் பயணம் முடிந்து இரண்டு வாரம் கழித்து உங்களிடமிருந்து வாழ்த்து வந்தது: 56 இரவு, அடுத்த படிக்கு உயர்ந்துவிட்டீர்கள்! கல்யாணம் முடிந்த பிறகு வந்த பந்தல் போல.

கடைசி இரவு 11.20க்கு, 100 டாலர் கப்பல் கிரெடிட் சேர்த்தாயிற்று என்று செயலியில் தகவல் போட்டிருக்கிறீர்கள். கடைகள் 11 மணிக்கு மூடியாயிற்று. பெட்டிகளைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு நாங்கள் தூங்கியிருந்தோம். காலையில் கணக்கு முடிந்தது. அந்த கிரெடிட் பணமாகத் திரும்பாத வகை, பயணத்தோடு காலாவதி. டிப்ஸை முன்கூட்டியே கட்டியிருந்தோம், அதனால் அதிலும் கழியவில்லை. கணக்கில் நின்றது துணி துவைத்த 64 டாலர் மட்டும். அது கழிந்து மீதி 36 காற்றில் போயிற்று. "அப்படியென்றால் உங்களுக்கு 36 டாலர்தானே நஷ்டம்" என்றார் கடைசியாகப் பேசிய பெண். இல்லை அம்மா. அந்த 64 டாலர் சலவையே என் படிக்கு இலவசமாகக் கிடைத்திருக்க வேண்டியது. இலவசமாகத் தர வேண்டியதற்கு என் கிரெடிட்டையே எடுத்துக்கொண்டீர்கள். 100ம் போனது போனதுதான்.

இதோடு மூன்று முறை ஏஜென்ட் அலுவலகம் போய் வந்த செலவு, 11 அழைப்புகள், கப்பலில் வரிசையில் நின்ற மொத்தம் ஒன்றரை நாள் (ஒரு நாள் கேபின் வாடகை என்ன என்று உங்களுக்குத் தெரியும்), பார்க்காத கோட்டை, 25ஆவது திருமண நாள் என இதையெல்லாம் கூட்டினால் 2,000 டாலருக்கு ஒரு காசு குறையாது. அதை முழுவதும் நான் கேட்கவில்லை. நான் கேட்பவை இவைதான்: என் மனைவியின் பெயரில் கட்டிய 100 டாலர், கட்டிய அட்டைக்கே திரும்ப வேண்டும். 100 டாலர் கிரெடிட் பணமாக வேண்டும், இன்னொரு பயணத்துக்கான கிரெடிட்டாக வேண்டவே வேண்டாம். இரண்டு உறுப்பினர் எண்களும் ஒன்றாகி 63 இரவு என்று காட்ட வேண்டும். நான்காவது அழைப்பில் பேசியவர் மன்னிப்புக் கேட்க வேண்டும், எழுத்தில்.

உங்கள் நிறுவனத்தின்மேல் எங்களுக்கு இன்னும் மதிப்பு இருக்கிறது. கேபினைச் சுத்தம் செய்த பையன், சாப்பாட்டு மேசையில் பரிமாறியவர், எல்லோரும் தங்கமானவர்கள். அவர்களுக்காகத்தான் இத்தனை நாள் பொறுத்தேன். ஆனால் 14 நாளுக்குள் பதில் வராவிட்டால் அட்டை கொடுத்த வங்கியில் சார்ஜ்பேக் (கட்டிய பணத்தை உங்களிடமிருந்து திரும்ப வாங்கித் தரச் சொல்லும் மனு) போடுவேன், நுகர்வோர் நீதிமன்றத்துக்கும் போவேன். சார்ஜ்பேக் போட்டால் இனிமேல் உங்கள் கப்பலில் ஏற விடமாட்டீர்கள் என்று ஏஜென்ட் பயமுறுத்துகிறார். ஏற விடாவிட்டால் போகிறது. அப்படி நடந்தால் என் 63 இரவையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

நல்ல பதிலை எதிர்பார்க்கிறேன். ஒரு மனிதர் எழுதியதாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் உண்மையுள்ள (இரண்டு எண் கொண்ட) வாடிக்கையாளர்

இணைப்பு: இரண்டு டெபாசிட் ரசீதுகளின் நகல், ஜனவரி பில், கடைசி நாள் கப்பல் கணக்கு, வாழ்த்து மெயில்.

பி.கு.: அசல் ரசீதை அனுப்பச் சொல்லி ஐந்தாவது கடிதத்தின் பதிலில் கேட்டிருந்தீர்கள், அது என்னிடம் கேட்டதா அந்த இன்னொருவரிடம் கேட்டதா தெரியவில்லை. யாரிடம் கேட்டிருந்தாலும் சரி, அசல் என்னிடம்தான் இருக்கும்.