நூலக அட்டையில் எந்தப் பெயர்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன மாதம் நூலகத்தில் புத்தகம் திருப்பிக் கொடுக்க வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு திருநங்கை. கவுன்ட்டரில் இருந்தவர் உறுப்பினர் அட்டையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்துவிட்டு அதிலிருந்த ஆண் பெயரைச் சத்தமாகப் படித்து "இது யாரோட கார்டு?" என்று கேட்டார். படித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். "என்னோடதுதான் சார்" என்று அந்தப் பெண் சொன்னது பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை. எடுத்துவந்த இரண்டு புத்தகங்களையும் மேசையிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். நானும் ஒரு வார்த்தை பேசாமல் நின்றேன், அது இன்னும் உறுத்துகிறது.

கவுன்ட்டரில் இருந்தவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அட்டையில் இருக்கும் பெயரும் எதிரே நிற்பவரும் பொருந்தாவிட்டால் என்ன செய்வது என்று அவருக்கு யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். அட்டையில் எண் இருக்கிறது, அதை வைத்தே சரிபார்க்கலாம், சந்தேகம் என்றால் குரலைத் தாழ்த்திக் கேட்கலாம். அதைவிட நல்ல வழி, சான்றிதழ்களில் பெயர் மாற எத்தனை வருடம் ஆனாலும் சரி, அவர் தினமும் புழங்கும் பெயரையே அட்டையில் அச்சிட்டுக் கொடுப்பது. சான்றிதழில் உள்ள பெயர் கணினியில் இருந்தால் போதும். அப்புறம், விண்ணப்பத்தில் ஆணா பெண்ணா என்ற கட்டம் எதற்கு? ஒரு நாவலை இரவல் கொடுக்க அது தேவையே இல்லை.

எனக்குத் தெரிந்த திருநம்பி (பிறப்பில் பெண் என்று பதியப்பட்டு ஆணாக வாழ்பவர்) ஒருவர் நூலகத்துக்குப் போகும் நாளில் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டார், எந்தக் கழிப்பறைக்குள் போனாலும் யாராவது ஏதாவது கேட்பார்கள் என்ற பயம். ஒருவர் மட்டும் போய்த் தாழிட்டுக்கொள்கிற கழிப்பறை ஒன்றை ஒதுக்கி, யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று பலகை மாட்டினால் தீர்ந்துபோகும். பெண் குழந்தையைக் கூட்டிவரும் அப்பாவுக்கும் அது உதவும்.

புத்தக அடுக்கையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். உலக சுகாதார அமைப்பு 2019-ல் ஏற்றுக்கொண்டு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஐசிடி-11 நோய் வகைப்பாட்டில், திருநர் (திருநங்கை, திருநம்பி போன்றோர்) அடையாளம் தொடர்பான பதிவை மனநலக் கோளாறுகள் அத்தியாயத்திலிருந்தே எடுத்துவிட்டார்கள். நூலகங்களில் புத்தகங்களைப் பொருள்வாரியாக எண் கொடுத்து அடுக்கும் டியூயி பகுப்பு முறையிலும் இதற்குச் சமூகவியல் பக்கத்தில் 306.768 என்று தனி எண் உண்டு. ஆனால் பழைய எண் ஒட்டிய புத்தகங்கள் இன்னமும் நோய்களுக்கான 616-இல் கிடந்தால், தன்னைப் பற்றிப் படிக்க ஆசையோடு வரும் பதினெட்டு வயதுப் பிள்ளை அங்கே போய் நின்று என்ன நினைக்கும்? திருநர்களே எழுதிய தன்வரலாறுகளையும் கவிதைகளையும் பூட்டிய பீரோவில் வைக்காமல் மற்ற புத்தகங்களோடு திறந்த அடுக்கில் வையுங்கள். கேட்டு வாங்க எல்லோருக்கும் தைரியம் வராது.

சர்வதேச நூலகச் சங்கங்களின் கூட்டமைப்பான ஐஃப்லாவும் யுனெஸ்கோவும் 1994-ல் வெளியிட்டு 2022-ல் புதுப்பித்த பொது நூலக அறிக்கை, பாலின வேறுபாடு பார்க்காமல் எல்லோருக்கும் சமமாகச் சேவை தர வேண்டும் என்கிறது. அதை நடத்திக் காட்ட ஊழியர்களுக்குப் பயிற்சி வேண்டும். திருநர்களையே அழைத்து, அவர்கள் நேரத்துக்கு உரிய சம்பளமும் கொடுத்து நடத்துங்கள். வாசலில் நிற்கும் காவலாளியையும் மறக்காமல் அதில் உட்கார வையுங்கள், அவர் பார்க்கிற பார்வையிலேயே கவுன்ட்டர் வரை வராமல் திரும்பிப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
நூலக வாசகர் ஒருவர்