ஜெனரல் வான் ஹோர்னுக்கு ஒரு வாக்கியம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐ.நா. அமைதிப் படைகளைப் பற்றிச் சென்ற இதழில் தாங்கள் வெளியிட்ட கட்டுரையில், ஸ்வீடன் நாட்டுத் தளபதி கார்ல் வான் ஹோர்னுக்குக் கிடைத்த இடம் ஒரே ஒரு வாக்கியம். போரையே காணாத நாட்டிலிருந்து வந்த அவர், காங்கோவில் திணறி, ஏமனில் வெயில் தாங்காமல் பதவியைப் போட்டுவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தார் என்பது அதன் சாரம். கட்டுரையாளர் யார், எவர் என்று கேட்டு எனக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை. அச்சுக்குப் போகுமுன் தாங்கள் படித்திருப்பீர்கள் அல்லவா, அதுதான் என் வருத்தம்.

ஸ்வீடன் 1814க்குப் பிறகு எந்தப் போரிலும் இறங்கவில்லை என்பது மெய்தான். எந்தப் பக்கமும் சாயாத நாட்டவர் என்பதற்காகவே அவரை அழைத்தார்கள் என்பதைத் தங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. 1958இல் ஜெருசலேமில், அரபு நாடுகளுக்கும் இஸ்ரேலுக்கும் இடையிலான ஐ.நா. போர்நிறுத்தக் கண்காணிப்பு அமைப்பின் தலைமைப் பொறுப்பை அவர் ஏற்றபோது, அதே நகரத்தில் அவருடைய நாட்டவரான கவுன்ட் பெர்னடாட் சமரசம் பேசப் போய்ச் சுட்டுக் கொல்லப்பட்டுப் பத்தாண்டுகூட நிறைந்திருக்கவில்லை. பொறுப்பேற்ற சில மாதங்களுக்குள், அந்த ஆண்டு மே மாதத்தில், ஜெருசலேமின் ஸ்கோபஸ் மலையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் அவருக்குக் கீழ் பணியாற்றிய கனடா நாட்டு லெப்டினன்ட் கர்னல் ஜார்ஜ் ஃபிளின்ட் உயிரிழந்தார். அதன் பிறகும் அங்கேயே இருந்து வேலை பார்த்தவருக்கு வெயில் ஒரு காரணமாக இருந்திருக்குமா என்று கட்டுரையாளர் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம்.

காங்கோவுக்கு வருகிறேன். 1960 ஜூன் 30 அன்று விடுதலை, ஒரு வாரத்துக்குள் காங்கோப் படையினர் கலகம், ஜூலை 11இல் கட்டாங்கா மாகாணம் பிரிந்துபோவதாக அறிவிப்பு, 14ஆம் தேதி ஐ.நா. படை அனுப்பப் பாதுகாப்புச் சபையின் தீர்மானம், 18ஆம் தேதி ஜெருசலேமிலிருந்து வான் ஹோர்ன் தலைநகர் லியோபோல்ட்வில்லில் வந்து இறங்குகிறார். ஐ.நா. படை அவருக்கு முன்பே வந்து இறங்கத் தொடங்கிவிட்டது. அதை நடத்துவதற்கான அலுவலகம்தான் இல்லை. சில வாரங்களுக்குள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்கள், ஆளுக்கொரு மொழி, ஆளுக்கொரு துப்பாக்கி, ஒவ்வொரு படைக்கும் அதனதன் தலைநகரிலிருந்து தனித்தனி உத்தரவு. தற்காப்புக்கு அன்றிச் சுடவும் அதிகாரமில்லை.

அந்தப் படையில் நம்மவர்களும் இருந்தார்கள் என்பது கட்டுரையில் ஒரு சொல்லாகக்கூட இல்லை. இந்தியாவின் போரிடும் படைப்பிரிவு அங்கே போனது 1961 மார்ச்சில்தான்; ஆனால் 1960இலேயே மருத்துவமனையையும் சிக்னல்ஸ், வழங்கல் பிரிவினரையும் அனுப்பியிருந்தோம். ராணுவத்தின் வழங்கல் பிரிவான ஏ.எஸ்.சி.யில் நான் சேர்ந்தபோது என்னை வேலைக்குப் பழக்கிய சுபேதார் ஐயா அப்போது அங்கே இருந்தவர். மொராக்கோ, துனிசியா வீரர்களுக்குப் பன்றி இறைச்சி ஆகாது, நம்மவர்களில் பலருக்கு எந்த இறைச்சியும் ஆகாது, பெட்டிகளோ ஒரே நிறத்தில் வந்து குவியும்; உடைத்துப் பார்த்து எந்தக் குவியலில் எது என்று சாக்பீஸால் எழுதிவைப்பதற்குள் பாதி நாள் போய்விடும் என்பார். பெரிய தளபதியைப் பற்றிக் கேட்டால், "அவருக்கும் அதே பாடுதான், கொஞ்சம் பெரிய குவியல்" என்று சிரிப்பார். அந்த நவம்பரில் நியெம்பாவில் ஒன்பது அயர்லாந்து வீரர்கள் பதுங்கியிருந்தவர்களால் கொல்லப்பட்டதும் வான் ஹோர்னின் தலைமையில்தான். திணறினார் என்றால் திணறினார். திணறாமல் இருக்க அங்கே யாரால் முடிந்தது என்பதையும் எழுதியிருக்கவேண்டும்.

ஏமன் விஷயத்தில்தான் எனக்குப் பொறுக்கவில்லை. அங்கே நடந்த உள்நாட்டுச் சண்டையைக் கவனிக்க 1963 ஜூலையில் தொடங்கிய ஐ.நா. கண்காணிப்புக் குழுவில் மொத்தம் இருநூறு பேர்கூட இல்லை. யூகோஸ்லாவிய வீரர்கள் நூற்றுச் சொச்சம், கனடா விமானப் பிரிவினர் சுமார் ஐம்பது பேர், மிச்சம் கண்காணிப்பு அதிகாரிகளும் அலுவலர்களும். ஏமன்–சவூதி எல்லைக்கு இருபுறமும் இருபது கிலோமீட்டர் பட்டையை இவர்கள் பார்த்துக்கொள்ளவேண்டும். ஆயுதம் ஏற்றிய போக்குவரத்தோ பெரும்பாலும் இரவில் நடந்தது. செலவை ஏற்பதாகச் சொன்ன சவூதி அரேபியாவும் எகிப்தும் அந்தச் சண்டையில் ஆளுக்கொரு பக்கம் நின்றவை. அவை ஒப்புக்கொண்டதும் இரண்டே மாதத்துக்கு. ஆளும் போதவில்லை, பொருளும் வந்து சேரவில்லை என்று நியூயார்க்கிலிருந்த ஐ.நா. தலைமையகத்தோடு மல்லுக்கட்டிவிட்டுத்தான் ஆகஸ்டில் அவர் பதவி விலகினார்.

வழங்கல் பிரிவில் காலம் தள்ளிய எனக்கு இது கதையாகத் தெரியவில்லை. பாலைவன முகாம் ஒன்றில் நான் இருந்தபோது, வண்டிச் சக்கரங்களுக்கு டயர் கேட்டு இண்டென்ட், அதாவது தேவைப் பட்டியல், அனுப்பினால், சென்ற முறை கொடுத்த டயர்கள் எப்படித் தேய்ந்தன என்று விளக்கம் கேட்டு மேலிடத்திலிருந்து காகிதம் வரும். மணலில் ஓடித் தேய்ந்தன என்று எழுதினோம். மணலில் ஓட்டுவதைத் தவிர்க்கவும் என்று பதில் வந்தது. எங்கள் அதிகாரி அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற நிலையை நான் பார்த்திருக்கிறேன். அவர் அன்று வேலையை விட்டிருந்தால் தங்கள் கட்டுரையாளர் அவரையும் வெயிலுக்குப் பயந்தவர் என்றுதான் எழுதியிருப்பார்.

வான் ஹோர்ன் குறையற்றவர் என்று நான் வாதாட வரவில்லை. 1966இல் வெளிவந்த தன் நினைவுக் குறிப்புகளில் ஐ.நா. தலைமையகத்தார்மீது அவர் கொட்டிய கசப்பு அளவுக்கு மீறியதே. ஆனால் அவர் விட்டுச்சென்ற அதே நாற்காலியில், அதே பற்றாக்குறையோடு, சில வாரத் தற்காலிகப் பொறுப்பாளர் ஒருவருக்குப் பின் உட்கார்ந்தவர் காசாவில் ஐ.நா. படைக்குத் தலைமை தாங்கிய நம் நாட்டு லெப்டினன்ட் ஜெனரல் பி.எஸ். கியானி, மறு ஆண்டு சைப்ரஸ் படையின் முதல் தளபதியும் அவரே. ஏமனுக்குப் பத்து வரி ஒதுக்கிய கட்டுரையில் கியானியின் பெயரைக் காணோம். விலகியவர் கோழை, விலகாமல் இருந்தவர் பெயரே இல்லாதவர். நல்ல நியாயம்!

தங்கள் இதழில் இது புதிதுமன்று. முன்பொருமுறை, காங்கோ காலத்து ஐ.நா. பொதுச்செயலாளர் டாக் ஹம்மர்ஷோல்டை நார்வேக்காரர் என்று அச்சிட்டீர்கள். ஸ்வீடன்காரர் என்று எழுதினேன். அட்டைப்படத்தைப் பாராட்டிய முதல் இரண்டு வரிகள் மட்டும் பிரசுரமாயின, திருத்தம் குப்பைக்கூடைக்குப் போயிற்று. அதற்கு முன்பு காங்கோவில் உயிர்த்தியாகம் செய்து பரம்வீர் சக்கரம் பெற்ற கேப்டன் குர்பச்சன் சிங் சலாரியாவின் ஆண்டைத் தவறாகப் போட்டபோதும் இதே கதிதான். அவர் வீழ்ந்தது 1961 டிசம்பர் 5.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில், வான் ஹோர்ன் விலகியது வழங்கல் குறைபாடு குறித்த தகராறினால் என்றும், அவருக்குப் பின் வந்தவர் கியானி என்றும் இரண்டு வரியில் ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். அதற்கும் இடமில்லையென்றால் இக்கடிதத்தைத் தயவுசெய்து சுருக்கிப் போடவேண்டாம், போடாமலே விட்டுவிடலாம்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற ஹவில்தார், ஏ.எஸ்.சி.,
வேலூர் மாவட்டம்