ஐயாவா, ஆண்டவரா, கர்த்தரா? விவாத மேடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள போதகர்களே, எதிர்மேசையில் அமர்ந்து பதில் சொல்லும் நண்பர்களே,

வணக்கம். 'இயேசு கடவுளா?' என்று நீங்கள் நடத்திய விவாதத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். இயேசுவைக் கர்த்தர் என்று அறிக்கையிடுகிறவன்தான் நானும். ஆனாலும் எங்கள் தரப்பு முதலில் எடுத்துப் போட்ட வசனத்தைக் கேட்டதும் சங்கடமாகிவிட்டது.

1 யோவான் 5:7. 'பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர், பிதா, வார்த்தை, பரிசுத்தஆவி என்பவர்களே, இம்மூவரும் ஒன்றாயிருக்கிறார்கள்' என்று நம் பழைய மொழிபெயர்ப்பில் இருக்கிறது. பழமையான கிரேக்கக் கையெழுத்துப் படிகளில் இல்லை. எராஸ்மஸ் என்ற டச்சு அறிஞர் 1516இலும் 1519இலும் அச்சிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் அதை விட்டுவிட்டார். கண்டனம் கிளம்பிய பிறகு 1522இல் சேர்த்தார். 1995இல் வந்த புதிய தமிழ் மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் அந்த வரியைக் காணோம். எதிர்த்தரப்பு இதைச் சொல்லிக் கைதட்டல் வாங்கிப் போனது. வாங்கட்டும், நாமே கொடுத்ததுதானே.

சரி, பேச வேண்டியது எது? 'கிரியோஸ்' என்ற ஒரே ஒரு கிரேக்கச் சொல். ஐயா, எஜமான், ஆண்டவர் என்று எல்லாவற்றுக்கும் அதுதான். யோவான் நற்செய்தி 4இல் கிணற்றடியில் சமாரியப் பெண் இயேசுவை அழைப்பது இந்தச் சொல்லால்தான். பழைய தமிழில் 'ஆண்டவரே', திருவிவிலியத்தில் 'ஐயா'. அதே யோவான் 12:21இல் கிரேக்கர் சிலர் பிலிப்புவையும் இப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அங்கே பழைய தமிழும் 'ஐயா' என்கிறது. ஆக, கிரியோஸ் என்று இருப்பதாலேயே கடவுள் என்று முடிவுகட்ட முடியாது. இதை எதிர்த்தரப்பு சொன்னது சரி.

ஆனால், எதிர்மேசை நண்பர்களே, அதோடு நிறுத்திக்கொண்டீர்களே, அது சரியில்லை. பழைய ஏற்பாட்டில், ஏசாயா 45இல் 'நானே தேவன், வேறொருவரும் இல்லை' என்கிறவர் அடுத்த வசனத்தில் 'முழங்கால் யாவும் எனக்கு முன்பாக முடங்கும்' என்கிறார். அப்போஸ்தலர் பவுல், பிலிப்பியருக்கு எழுதிய கடிதம் 2இல் அதே முழங்கால்களை இயேசுவின் நாமத்தில் முடங்க வைக்கிறார். யோவேல் 2:32இல் 'கர்த்தருடைய நாமத்தைத் தொழுதுகொள்ளுகிறவன்' என்பது இஸ்ரவேலின் கடவுளைப் பற்றியது. ரோமர் 10இல் 'கர்த்தராகிய இயேசு' என்று சொன்ன நாலு வசனத்துக்குள் பவுல் அந்த வரியை எடுத்தாள்கிறார். இரண்டு இடத்திலும் தமிழில் 'கர்த்தர்' என்றே இருப்பதால் இந்த ஒட்டு நமக்குக் கண்ணெதிரே தெரிகிறது. மேடையில் ஒருவரும் அதைத் தொடவில்லை.

அப்புறம் அந்த நைசியாக் கதை. 325இல் நைசியா நகரில் கூடிய ஆயர் மாமன்றத்தில் ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன் வாக்கெடுத்து இயேசுவைக் கடவுளாக்கினான் என்றீர்கள். சுமார் 112இலேயே பிளினி என்ற ரோம ஆளுநர், கிறிஸ்தவர்கள் விடியுமுன் கூடிக் கிறிஸ்துவைத் தெய்வமாகப் பாடுகிறார்கள் என்று பேரரசன் திராயானுக்கு எழுதியிருக்கிறார். பவுலோ அதற்கும் ஐம்பது ஆண்டு முந்தியவர். கிரேக்கம் பேசிய கொரிந்து சபைக்கு எழுதும்போது 'மாரனாதா', எங்கள் கர்த்தரே வாரும், என்ற அரமேயச் சொல்லை அப்படியே விட்டிருக்கிறார். அரமேயம் பேசிய முதல் சீடர்கள் வாயிலிருந்தே அந்த வேண்டுதல் வந்திருக்க வேண்டும். நைசியாவில் நடந்த சண்டையே வேறு. அங்கே கண்டிக்கப்பட்ட ஆரியஸ் என்ற மூப்பரும் குமாரனாகிய இயேசுவைத் தெய்வம் என்றுதான் சொன்னார். பிதாவோடு ஒரே தன்மையுடையவரா, படைக்கப்பட்டவரா என்பதுதான் அங்கே கேள்வி.

போதகர்களே, நீங்களும் 'என் பிதா என்னிலும் பெரியவராயிருக்கிறார்' என்று இயேசுவே சொன்ன வசனம் வந்ததும் பக்கத்தை வேகமாகப் புரட்டிவிட்டீர்கள். பிலிப்பியர் பகுதியே 'பிதாவாகிய தேவனுக்கு மகிமையாக' என்றுதான் முடிகிறது. 1 கொரிந்தியர் 15:28இல் குமாரனும் கீழ்ப்பட்டிருப்பார் என்று பவுலே எழுதுகிறார். கடவுளுக்குரிய வசனத்தை இயேசுவுக்குச் சூட்டிய அதே கைதான் இதையும் எழுதியது. எனக்கும் இதில் முழு விடை கிடையாது. ஆனால் நீங்கள் மேடையில் பேசி நான் கேட்க விரும்பியது இதைத்தான்.

அடுத்த விவாதத்துக்கு ஏசாயா 45ஐயும் பிலிப்பியர் 2ஐயும் ஒரே தாளில் எதிரெதிரே அச்சடித்து வாசலில் கொடுங்கள். ஜெராக்ஸ் செலவு என்னுடையது.

இப்படிக்கு,
கடைசி வரிசையில் இருந்தவன்