ராட்டினத்துக்குப் பக்கத்தில் போட்ட கடை

மார்த்தாண்டம்
மாசி 20

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. தேன் பெட்டிகளை விட்டு நகர முடியவில்லை, அதுதான் பதில் தாமதம். ரப்பர் எல்லாம் தளிர் விட்டு நிற்கிறது. உனக்கு நினைவிருக்கும், ரப்பரில் தேன் பூவில் கிடைப்பதில்லை, இளம் இலைக்காம்பின் நுனியில்தான் சுரக்கும். தை பிறந்து பங்குனி வரைக்கும் எங்களுக்கு அதுதான் அறுவடை. அம்மாவுக்கு முட்டுவலி பரவாயில்லை. உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். உன் தையல் யூனிட்டில் இரண்டு பெண்களுக்குள் சண்டை, ஒருத்தியை நிறுத்தியாக வேண்டும், யாரை நிறுத்தட்டும் என்று எழுதியிருந்தாய். கூடவே அந்த 'அப்ரெண்டிஸ்' நிகழ்ச்சியைப் பார்க்கச் சொல்லியிருந்தாய், அதுதான் அமெரிக்க டிவியில் தொழிலதிபர் டிரம்ப் வாராவாரம் விற்பனை மாதிரி வேலை கொடுத்து, தோற்ற அணியில் ஒருவரை நீக்கி, கடைசியில் ஜெயித்தவருக்குத் தன்னிடம் வேலை கொடுத்த போட்டி. மகன் போனில் போட்டுக் கொடுத்தான். புரியாத இடத்தில் நிறுத்தி அவனே அர்த்தமும் சொன்னான். ராத்திரி ராத்திரியாக முதல் சீசன் முழுவதையும் பார்த்துவிட்டேன்.

முதல் வாரத்திலேயே எனக்குத் தூக்கம் போய்விட்டது. 2004 ஜனவரியில் வந்தது அது. எட்டு ஆண்கள் ஓர் அணி, எட்டுப் பெண்கள் ஓர் அணி. கையில் கொஞ்சம் முதல் கொடுத்து, நியூயார்க் தெருவில் எலுமிச்சைச் சாறு விற்றுக் காட்டச் சொல்கிறார் டிரம்ப். ஆண்கள் போய் மீன் சந்தைக்குப் பக்கத்தில் கடை போட்டார்கள். மீன் எடுக்க வந்தவன் மீனைத்தான் பார்ப்பான், சாறு குடிக்க நிற்பானா? பெண்கள் ஆள் நடமாட்டமும் கையில் காசும் இருக்கிற இடமாகப் பார்த்துப் போனார்கள். ஒரு கிளாஸ் ஐந்து டாலருக்குக்கூட விற்றார்கள். சிரிப்பையும் முத்தத்தையும் சேர்த்து விற்றது எனக்குப் பிடிக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

யாரை நீக்குவது என்று டிரம்ப் விசாரித்து முடிவு சொல்கிற அறை ஒன்று உண்டு, தோற்ற அணியிலிருந்து மூன்று பேர் அதற்குள் போனார்கள். ஒருவர் அணித் தலைவர். இன்னொருவர் ஒரே கிளாஸை ஆயிரம் டாலருக்கு விற்கப் பார்த்து நேரத்தைப் போக்கியவர். மூன்றாமவர் டேவிட், டாக்டருக்குப் படித்தவர். கூவி விற்க அவருக்கு வரவில்லை. கடைசியில் வீட்டுக்குப் போனது டேவிட்தான். கடை போட்ட இடம் தப்பு, வெளியே போனது வாய் வராதவர்.

மக்கா, அதைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. இதுவரை உனக்கு எழுதாத ஒன்றை இப்போது எழுதுகிறேன்.

போன ஆடியில் குழித்துறை வாவுபலிப் பொருட்காட்சியில் எங்கள் மகளிர் குழு தேன் கடை போட்டது. தலைவி நான். இடம் பார்த்ததும் நான்தான். ராட்டினத்துக்குப் பக்கத்தில் கூட்டம் அலைமோதும் என்று அங்கே எடுத்தேன். கூட்டம் இருந்தது. ஆனால் அது பிள்ளைகளும் இளவட்டங்களும் நிற்கிற கூட்டம். ராட்டினத்தில் ஏறக் காத்து நிற்கிறவன் தேன் குப்பியை எதற்கு வாங்குவான்? தூறல் வேறு. வாடகை போகக் கையில் நின்றது 1,140 ரூபாய். பதினோரு பேருக்கு அதை எப்படிப் பங்கு வைப்பது?

குழுக் கூட்டத்தில் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் அருமனை அக்காவைக் காட்டினேன். கடையில் அதிக நாள் உட்கார்ந்தது அந்த அக்காதான். "வாய் திறந்து நாலு பேரைக் கூப்பிட்டால்தானே நிற்பார்கள், ஊமை மாதிரி இருந்தால் எப்படி" என்று பத்துப் பேர் முன்னால் கேட்டேன். அக்கா ஒன்றும் பேசவில்லை. அடுத்த கூட்டத்துக்கு வரவில்லை, அதற்கடுத்ததற்கும் வரவில்லை. யாரும் அவரை நீக்கவில்லை, தீர்மானமும் எழுதவில்லை. ஆனால் நீக்கியது நான்தான். எங்கள் குழுவில் தேனீயை அக்கா அளவுக்குத் தெரிந்தவர் யாரும் கிடையாது. பெட்டிக்குப் பக்கத்தில் நின்று இரைச்சலைக் கேட்டே ராணி இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார்.

நீ எழுதிய நியாயமும் எனக்குப் புரிகிறது. கடைசிப் போட்டியில் மிஞ்சிய இருவரில் ஒருவரான க்வாமே ஜாக்சன், தன் அணியில் இருந்துகொண்டே தன்னிடம் பொய் சொன்ன ஒமரோசா என்ற பெண்ணை வெளியே அனுப்பாமல் வைத்திருந்தார், வேலையைக் கோட்டை விட்டார், பில் ரான்சிக் ஜெயித்தார். பொய் சொல்கிறவளை வைத்துக்கொண்டு வேலை நடக்காது, அதில் நான் உன் பக்கம். ஆனால் உன் யூனிட்டில் யாரும் பொய் சொன்னதாக நீ எழுதவில்லையே. ஒருத்தி வேகம், ஒருத்தி மெதுவாகத் தைத்தாலும் தையல் பிரியாது என்றுதானே எழுதியிருக்கிறாய்?

அந்த அறையில் என்ன நடக்கிறது என்று கவனித்துப் பார். தோற்ற தலைவரே தன் கூட இரண்டு மூன்று பேரைத் தேர்ந்து உள்ளே கூட்டிப் போக வேண்டும். அப்படியென்றால் வேலை தொடங்கிய காலையிலிருந்தே ஒருவர் தப்பை ஒருவர் மனசில் குறித்து வைக்கத்தானே செய்வார்கள்? முதல் நாலு வாரமும் பெண்கள்தான் ஜெயித்தார்கள், வெளியேறிய நாலு பேரும் ஆண்கள். ஜெயிக்கிறபோதே அந்தப் பெண்களுக்குள் வாக்குவாதம் இருந்தது. அப்புறம் இரண்டு அணியையும் கலந்தார்கள். அந்த வாரமே முதல் பெண் வெளியேறினார்.

கலப்பதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். பலம் குறைந்த பெட்டியை இன்னொன்றோடு அப்படியே சேர்த்தால் தேனீக்கள் ஒன்றையொன்று கொன்றுவிடும், வாசனை வேறு வேறு அல்லவா? சாயந்திரம் ஒரு பெட்டிக்கு மேல் இன்னொன்றை வைத்து, நடுவில் செய்தித்தாளை விரித்து ஊசியால் நாலைந்து துளை போடுவோம். இரண்டு பக்கமும் தாளைக் கடித்துக் கடித்து இரண்டு மூன்று நாளில் வாசனை ஒன்றாகிவிடும். உன் இரண்டு பெண்களையும் ஒரே மேசையில் உட்கார வைத்தது எப்போது, எத்தனை நாள் ஆனது என்று எனக்கு எழுது.

இங்கிலாந்தில் ஆலன் சுகர் என்ற தொழிலதிபர் நடத்துகிற இதே மாதிரி நிகழ்ச்சியையும் மகன் காட்டினான். 2011-லிருந்து அங்கே பரிசாகக் கொடுப்பது வேலை அல்ல, ஜெயித்தவர் தொழிலில் 2,50,000 பவுண்டு முதலீடு. அந்த வருஷம் ஜெயித்தவர் டாம் பெல்லரோ என்பவர். நகம் தேய்க்க வளைந்த அரம் ஒன்றைக் கண்டுபிடித்தவர். பெரும்பாலான வாரம் தோற்ற அணியில்தான் இருந்தார். கடைசியில் அவரிடம் இருந்த பொருள்தான் நின்றது. எனக்கு உடனே அருமனை அக்கா ஞாபகம்தான் வந்தது.

இன்னொன்று மக்கா. அங்கே நீக்கப்பட்டவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு டாக்சியில் ஏறிப் போய்விடுகிறார். எனக்கு மறுநாள் காலையில் பால் வாங்கும் இடத்தில் அக்கா நிற்கிறார். ஆடியிலிருந்து போன வாரம் வரைக்கும் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் பால் வாங்கினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். தோட்டத்தில் பெட்டியைத் திறந்து வைத்திருந்தார். நான் புகை போட்டேன், அவர் அடையை எடுத்தார். "இடம் பார்த்தது நான், தப்பு என்னுடையது" என்று சொன்னேன். கை நடுங்கியது எனக்கு. அக்கா அடையைத் திரும்ப வைத்து மூடினார். "அந்த நாட்டுமருந்துக் கடைக்காரன் பக்கத்தில் போட்டிருக்கணும் கேட்டியா, அங்கே வாறவங்கதான் நல்ல தேன் உண்டான்னு கேப்பாங்க" என்றார். ராட்டினத்தடியில் உட்கார்ந்திருந்த அத்தனை நாளும் அவருக்கு இது தெரிந்திருக்கிறது. நான் கேட்கவே இல்லை.

குழுவுக்கு வருவாரா என்று இன்னும் சொல்லவில்லை. அடுத்த கூட்டம் வெள்ளிக்கிழமை. அதே பத்துப் பேர் முன்னால் நான் பேச வேண்டியிருக்கிறது.

நீ அந்த இரண்டு பெண்களையும் தனித்தனியாகக் கூப்பிட்டு வேலையைப் பற்றி மட்டும் கேள். என்ன சொன்னார்கள் என்று எழுது, அதற்கப்புறம் நான் யோசனை சொல்கிறேன். அத்தான் பதினைந்தாம் தேதி திருப்பூர் வருகிறார். இரண்டு குப்பி ரப்பர் தேன் கொடுத்து விடுகிறேன். ஒன்று எங்கள் பெட்டி, மற்றது அருமனை அக்கா தந்தது. சீட்டு ஒட்டியிருக்கிறேன். ரப்பர் தேன் சீக்கிரம் உறைந்துவிடும், பயப்படாதே. வெந்நீரில் குப்பியை வைத்தால் இளகிவிடும்.

அன்புடன்,
உன் மக்கா